63ஆம் எண் ரெஃபரன்ஸ்: இருமுறை திரும்பி வந்த ஒரு கட்டுரையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொசுப்புழு வளரும் கலன்களைப் பற்றிய கள ஆய்வு அது. தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத்தில் சில வார்டுகளை எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய், பிளாஸ்டிக் டிரம், சிமெண்ட் தொட்டி, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், ஃபிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, பழைய டயர் என ஒவ்வொன்றிலும் டார்ச் அடித்துப் பார்த்து டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவின் புழு இருக்கிறதா என்று குறித்து வந்திருந்தார் ஓர் ஆய்வு மாணவி. உழைப்பில் குறையில்லை, தரவும் சுத்தமாக இருந்தது. கட்டுரையைத் திருப்பி அனுப்ப வைத்தது ரெஃபரன்ஸ் பட்டியல்.

நான் ஒரு கல்லூரி நூலகத்தின் ஆய்வு உதவிப் பிரிவில் இருக்கிறேன். இரண்டாம் முறை திரும்பிய பிறகுதான் கோப்பு என் மேசைக்கு வந்தது. சம்பந்தப்பட்ட மூவரும் இதை எழுதச் சம்மதித்தார்கள். ஆளையும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

மூவர் என்றது மாணவி, அவருடைய கைடு, வேறொரு நிறுவனத்திலிருந்து புள்ளியியல் பார்த்துக் கொடுத்த இணை ஆசிரியர். ரெஃபரன்ஸ்களைச் சேமித்து, கட்டுரையில் மேற்கோளாகச் செருகித் தரும் மென்பொருள்களில் மாணவி மெண்ட்லி பயன்படுத்துபவர், இணை ஆசிரியர் ஜோட்டெரோ. கைடுக்கு எந்த மென்பொருளும் ஆகாது. வேண்டிய இடத்தில் "(டபிள்யூஹெச்ஓ 2012 ரெஃபரன்ஸ் போடவும்)" என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஒரே வேர்டு கோப்பை மின்னஞ்சலில் மாற்றி மாற்றி அனுப்பியதில் ஐந்து மாதத்தில் ஒன்பது வரைவுகள் சேர்ந்திருந்தன.

கட்டுரை மாணவியின் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாகப் பிறந்தது. ஆய்வேடு ஏபிஏ முறையில் இருந்தது: வாக்கியத்துக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும், கடைசியில் அகர வரிசைப் பட்டியல். இதழ் கேட்டதோ வான்கூவர் முறை. பொது மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் 1978ல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிப் பேசியதில் பிறந்ததால் அந்தப் பெயர். இதில் பெயருக்கு இடமில்லை. கட்டுரையில் முதலில் வரும் மேற்கோள் 1, அடுத்தது 2, பட்டியலும் அதே வரிசை. ஏபிஏவின் 7ஆம் பதிப்பு 20 ஆசிரியர்கள் வரை எல்லோர் பெயரையும் போடச் சொல்கிறது. இந்த இதழ் 6 பேரோடு நிறுத்தி "எட் ஆல்" (மற்றும் பிறர்) போடச் சொன்னது. ஆக, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக அடைப்புக்குறியை மாற்றினால் போதாது, பட்டியலின் எலும்புக்கூட்டையே மாற்ற வேண்டும்.

இரண்டு திருப்பங்கள்

சமர்ப்பித்த மூன்றாம் நாளே இதழ் அலுவலகத்திலிருந்து கட்டுரை திரும்பியது. மதிப்பாய்வாளர் கண்ணுக்கே போகவில்லை, தொழில்நுட்பச் சரிபார்ப்போடு நின்றுவிட்டது. சொன்ன காரணங்கள்: சில இடங்களில் பெயர்-ஆண்டு முறையும் சில இடங்களில் எண் முறையும் கலந்திருக்கின்றன, இதழ்ப் பெயர்கள் சுருக்கப்படவில்லை, பெரும்பாலானவற்றில் டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் தரும் நிலையான அடையாள எண்) இல்லை, பட்டியலில் உள்ள 63ஆம் ரெஃபரன்ஸ் கட்டுரையில் எங்கும் மேற்கோள் காட்டப்படவில்லை.

மாணவி இரண்டு நாள் உட்கார்ந்து கையால் திருத்தி மறுபடி அனுப்பினார். மறுபடி திரும்பியது. இந்த முறை ஒரே வரி: மேற்கோள்கள் எண் வரிசையில் இல்லை, 19க்கு அடுத்து 63 வருகிறது.

மாணவி என்னிடம் வந்தபோது நான் முதலில் கேட்டது அந்த 63ஐப் பற்றித்தான். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சார், கடைசி ரெஃபரன்ஸ் டெக்ஸ்ட்ல எங்கயும் இல்லன்னு சொன்னாங்க. அதனால மெத்தட்ஸ்ல ஒரு இடத்துல போட்டுட்டேன்."

அந்த 63ஐப் படித்துப் பார்த்தேன். கொசுவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இதழ் தரும் டெம்ப்ளேட் கோப்பின் கடைசியில், "இப்படி அமைக்கவும்" என்று காட்டுவதற்காக வைத்திருந்த மாதிரிப் பதிவு அது. டெம்ப்ளேட்டுக்குள் கட்டுரையை ஒட்டியபோது மற்ற மாதிரிகளை அழித்தவர் இந்த ஒன்றைத் தவறவிட்டார். அலுவலகம் "மேற்கோள் காட்டப்படவில்லை" என்றதும் பட்டியலிலிருந்து எடுப்பதற்குப் பதிலாகக் கட்டுரைக்குள் ஒரு இடம் தேடிக் கொடுத்துவிட்டார். இல்லாத ஒரு கட்டுரைக்கு மேற்கோள் உருவான விதம் இவ்வளவுதான்.

சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. எல்சேவியர் பதிப்பகத்தின் ஆசிரியர் வழிகாட்டியில் மாதிரிக்காக வைத்திருந்த, அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றிய ஒரு கற்பனைக் கட்டுரைக்கு உண்மையான ஆய்வுக் கட்டுரைகளில் 400க்கு நெருக்கமான மேற்கோள்கள் விழுந்திருந்தது 2017ல் வெளியே வந்தது. அது வெளியானதாகக் காட்டிய இதழே உலகில் கிடையாது. மாணவியிடம் இதைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

கோப்பில் கண்டது

சமர்ப்பித்த கோப்பில் எண்கள் எல்லாமே வெறும் எழுத்துகள். எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல அதில் தடயமே இல்லை. அதனால் பழைய வரைவுகளைக் கேட்டு வாங்கி, ஏழாவதைத் திறந்து, வேர்டில் ஆல்ட் விசையையும் எஃப்9ஐயும் சேர்த்து அழுத்தினேன். மென்பொருள் போட்ட மேற்கோள்கள் எல்லாம் தம் உள்ளே இருக்கும் குறிமுறையை நீளமாகக் கக்கின. கையால் தட்டியவை அசையாமல் கிடந்தன. அச்செடுத்து மூன்று நிறப் பென்சிலால் குறித்ததில் கணக்கு வந்தது: மெண்ட்லி வழியாக 31, ஜோட்டெரோ வழியாக 14, டெம்ப்ளேட் பதிவையும் சேர்த்துக் கையால் 18.

மெண்ட்லியும் ஜோட்டெரோவும் ஒரே கோப்பில் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. இரண்டும் தனித்தனியே 1லிருந்து எண்ணத் தொடங்கின. அறிமுகத்தில் ஒரு [3], விவாதத்தில் வேறொரு [3]. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க மாணவி மென்பொருளோடு இருந்த எல்லா இணைப்புகளையும் அறுத்து, எண்களைக் கையால் ஓட்டியிருக்கிறார். அதன் பிறகு கைடு ஒரு பத்தி சேர்க்க, அதிலிருந்து கீழே இருந்த எண்களெல்லாம் ஒன்றிரண்டு தள்ளிப்போயிருந்தன. அவற்றை இதழ் அலுவலகம் கவனிக்கவே இல்லை, அவர்கள் பார்ப்பது வரிசையைத்தான். 27 என்ற எண்ணுக்குப் பின்னால் சரியான கட்டுரை இருக்கிறதா என்பது ஆசிரியர்களின் வேலை. திரும்பி வராமல் இருந்திருந்தால் தப்பான எண்களோடு மதிப்பாய்வுக்கே போயிருக்கும். என்னைப் பொறுத்தவரை அந்த இரண்டு திருப்பமும் நல்லதற்குத்தான்.

பட்டியலை வரி வரியாகப் பார்த்ததில் கிடைத்தவற்றில் சில.

உலக சுகாதார நிறுவனம் ஓரிடத்தில் "ஆர்கனைசேஷன் டபிள்யூ. ஹெச்." என்று ஒரு மனிதரைப் போல நின்றது. மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகவும் முன்னால் இருப்பவற்றை இனிஷியலாகவும் எடுத்துக்கொண்டதன் விளைவு. அதே நிறுவனம் கையால் தட்டிய மற்றோர் இடத்தில் முழுப் பெயரோடும், வேறோர் இடத்தில் சுருக்கமாகவும் இருந்தது.

நான்கு கட்டுரைகள் ஒவ்வொன்றும் இரண்டு எண்களில் இருந்தன. ஒன்று மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டிலிருந்து வந்தது, மற்றொன்று கூகுள் ஸ்காலரிலிருந்து. இதழ்ப் பெயர் ஒன்றில் சுருக்கம், மற்றொன்றில் முழுசு என்பதால் கண்ணுக்கு வெவ்வேறாகத் தெரிந்திருக்கிறது.

இனப்பெயர்கள் பல தலைப்புகளில் சாய்வெழுத்து இழந்திருந்தன. சிலவற்றில் எஜிப்டியின் முதலெழுத்து பெரியதாகிவிட்டிருந்தது. டிஓஐ இருந்த சிலவற்றிலும் அது மூன்று வேடத்தில்: வெறும் எண்ணாக, பழைய இணைய முகவரியாக, புது முகவரியாக. டிஓஐகளைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு 2017 முதல் ஒரே முழு இணைய முகவரி வடிவத்தைப் பரிந்துரைக்கிறது. பழையதும் வேலை செய்யும் என்பதால் யாரும் மாற்றுவதில்லை.

ஒரு கட்டுரையின் தொடக்கப் பக்கம் 1132 என்றிருந்தது. பிடிஎஃப் எடுத்துப் பார்த்தால் 1123. மாணவி படித்த வேறொரு கட்டுரையின் பட்டியலிலும் அதே 1132. அங்கிருந்து நகலெடுத்தது அப்போதே புரிந்துவிட்டது, நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். ஒரே அச்சுப்பிழை மேற்கோளிலிருந்து மேற்கோளுக்குத் தாவுவதை எண்ணிப் பார்த்து, மேற்கோள் காட்டுபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று 2003ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டிருந்தது. அந்தக் கணக்கு கூடுதலோ குறைவோ, எனக்குக் கிடைத்த தடயம் அதே ஜாதி.

முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, இருக்கும் பட்டியலைத் திருத்துவதில்லை. இதில் கைடுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். "எண்ண மட்டும் சரி பண்ணிக் குடுங்க சார், ஒரு மணி நேர வேலை" என்றார். எண்ணைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் போதும் என்பது உண்மை. மதிப்பாய்வில் ஒரு ரெஃபரன்ஸ் சேர்க்கச் சொன்னால் மறுபடி ஒரு மணி நேரம், மறுபடி எண் தள்ளல். அதைவிட, 1132 போன்றவை எத்தனை இருக்கின்றன என்று தெரியாமலே போகும். ஒன்பது நாள் கேட்டேன், அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது, ஒரே மென்பொருள், அதற்குள் மூவருக்கும் பொதுவான ஒரே ரெஃபரன்ஸ் நூலகம். ஜோட்டெரோவை எடுத்தோம். மெண்ட்லி மோசம் என்பதால் அல்ல. வெளியூரில் இருந்த இணை ஆசிரியர் ஏற்கெனவே அதில் இருந்தார், குழு நூலகம் இலவசம், எனக்கும் அது கைப்பழக்கம்.

மூன்றாவது, மேற்கோளைச் செருகும் உரிமை ஒருவருக்கு மட்டும், அது மாணவிக்கு. மற்ற இருவரும் தங்கள் இஷ்டப்படி எழுதலாம், ஆனால் மேற்கோள் வேண்டிய இடத்தில் மஞ்சள் நிறம் பூசி ஆசிரியர் பெயரும் ஆண்டும் மட்டும் எழுத வேண்டும். கைடின் பழைய பழக்கத்துக்கே சட்டம் போட்டதுபோல ஆயிற்று.

நான்காவதுதான் நாள் தின்றது: ஒவ்வொரு மேற்கோளையும் புதிதாகச் செருகுவது, செருகும் முன் அந்தக் கட்டுரையைத் திறந்து, நம் வாக்கியம் சொல்வதை அது சொல்கிறதா என்று பார்ப்பது. வடிவமைப்பு வேலைக்கு இது மிகை என்று தோன்றலாம். எப்படியும் ஒவ்வொன்றின் டிஓஐயையும் தேடப்போகிறோம், பக்கம் திறந்துதான் இருக்கும், கூட இரண்டு நிமிடம்.

திரும்பக் கட்டிய ஒன்பது நாள்

டிஓஐ அல்லது பப்மெட் எண்ணைக் கொடுத்தால் ஜோட்டெரோ விவரத்தை இழுத்துக்கொண்டுவரும். இழுத்ததை அப்படியே நம்பவில்லை. பிடிஎஃப்பின் முதல் பக்கத்தைப் பக்கத்தில் வைத்து ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, தொகுதி, பக்கம் எல்லாம் ஒப்பிட்டோம். தலைப்பை வாக்கிய நடையில், அதாவது முதல் சொல்லும் பெயர்ச்சொற்களும் மட்டும் பெரிய எழுத்தில் இருக்குமாறு சேமித்தோம். அப்படி வைத்தால் பெரிய எழுத்து கேட்கும் பாணிக்கு மென்பொருளே மாற்றிக்கொள்ளும். எதிர்த்திசையில் அதற்கு நம்பகமாக மாற்றத் தெரியாது, எது பெயர்ச்சொல் என்று அதற்கு எப்படித் தெரியும்? இனப்பெயருக்கு முன்னும் பின்னும் சாய்வெழுத்துக் குறி இட்டோம். நிறுவனங்களின் பெயரைப் பிரிக்காமல் ஒரே புலத்தில் (பெயர் நிரப்பும் பெட்டியில்) வைத்ததும் "ஆர்கனைசேஷன்" என்ற அந்த மனிதர் மறைந்தார்.

மூன்றாம் நாள் ஒரு பதிவு உள்ளே வந்ததும் திரையின் மேலே சிவப்புப் பட்டை விழுந்தது: இந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஜோட்டெரோ 2019 முதல் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு இப்படி எச்சரிக்கிறது. மாணவி அதைப் படித்துச் சேமித்தபோது கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, பிறகு திரும்பப் பெற்றிருக்கிறார்கள். கையில் இருக்கும் பிடிஎஃப்புக்கு அது தெரியாதே. திரும்பப் பெறலைப் பற்றியே பேசினாலொழிய அத்தகைய கட்டுரையை மேற்கோள் காட்டக் கூடாது, சரிபார்ப்பது ஆசிரியர்களின் பொறுப்பு என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு தெளிவாகச் சொல்கிறது. அதை மேற்கோள் காட்டியிருந்த வாக்கியம் அறிமுகத்தில் ஓர் அலங்காரம்தான். வாக்கியத்தோடு சேர்த்து எடுத்துவிட்டோம்.

வாக்கியம் சொல்வதை மூலக் கட்டுரை சொல்லாத இடங்கள் மூன்று. அவையும் போயின. ஏடிஸ் முட்டைகள் தண்ணீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்ற வாக்கியத்துக்கு அவர்கள் காட்டியிருந்த கட்டுரை, அதை வேறொரு பழைய ஆய்விலிருந்து எடுத்துச் சொல்லியிருந்தது. அந்தப் பழைய ஆய்வைத் தேடி, படித்து, அதையே காட்டினோம். கடைசியில் பட்டியலின் 63 ரெஃபரன்ஸ்கள் 54 ஆயின.

அட்டவணைகள் தனித் தலைவலி. அட்டவணைக்குள் மட்டுமே வரும் ரெஃபரன்ஸுக்கு, கட்டுரையில் அந்த அட்டவணை முதலில் குறிப்பிடப்படும் இடத்தைப் பொறுத்து எண் வர வேண்டும் என்பது விதி. அட்டவணைகளைக் கோப்பின் கடைசியில் வைக்கச் சொல்கிறது இதழ். மென்பொருளோ கோப்பில் வரும் வரிசையைத்தான் எண்ணும், அட்டவணை ரெஃபரன்ஸ்கள் எல்லாம் கடைசி எண்களை வாங்கிக்கொள்ளும். வேலை முடியும்வரை அட்டவணைகளைக் குறிப்பிடும் பத்திக்கு அடியிலேயே வைத்திருந்து, அனுப்பும் நகலில் இணைப்புகளை அறுத்த பிறகே கடைசிக்கு நகர்த்தினோம்.

பெயர்களின் சங்கதி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், தமிழ்நாட்டில் ஆய்வு செய்யும் எல்லோருக்கும் வரும் சிக்கல். கைடின் முந்தைய கட்டுரைகள் இரண்டு பட்டியலில் இருந்தன. பெயரை மாற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் கண்ணன், அப்பா பெயர் முருகன். ஒரு கட்டுரையில் எம். கண்ணன் என்று அச்சாகியிருந்தது, பட்டியலில் "கண்ணன் எம்". இன்னொன்றில் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் கண்ணன் முருகன் என்று விரித்துக் கொடுத்திருக்கிறார், பட்டியலில் "முருகன் கே" ஆகிவிட்டது. மகன் எழுதியதற்கு அப்பாவுக்கு மேற்கோள்.

கைடு இதை முதன்முறையாக அப்போதுதான் பார்த்தார். "ரெண்டையும் கண்ணன்னே மாத்திடும்மா" என்றார் மாணவியிடம். நான் தடுத்தேன். ரெஃபரன்ஸ் பட்டியல் அச்சானதைக் காட்டுவதற்குத்தான். நாம் திருத்தினால் கிராஸ்ரெஃப் பதிவோடு பொருந்தாமல் போகலாம், மேற்கோள் கணக்கிலும் விட்டுப்போகலாம். அச்சானபடியே இரண்டையும் விட்டோம். புதுக் கட்டுரையில் மூவரும் இனி எந்த வடிவம் என்று முடிவுசெய்து, கைடுக்கு ஆர்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் அடையாள எண்) பதிவுசெய்து பழைய கட்டுரைகள் எல்லாவற்றையும் அதில் சேர்த்தோம். பத்து நிமிட வேலை. 2012லிருந்து கிடைக்கும் வசதி.

பின்னர் நடந்தவை

மூன்றாம் முறை சமர்ப்பித்ததும் கட்டுரை மதிப்பாய்வுக்குப் போனது. இடையில் ஒரு கேள்வி: ஆசிரியர் வழிகாட்டி ஒருவிதமாகவும் இதழில் அண்மையில் வந்த கட்டுரைகள் வேறுவிதமாகவும் இதழ் எண்ணைப் போட்டிருந்தன. எதைப் பின்பற்றுவது என்று எழுதிக் கேட்டோம். சீராக இருந்தால் போதும், இறுதி வடிவம் எங்கள் தயாரிப்புப் பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று பதில் வந்தது. மாணவிக்கு எரிச்சல், இதற்கா இவ்வளவு பாடு என்று. புள்ளியையும் அரைப்புள்ளியையும் அவர்கள் மாற்றிக்கொள்வார்கள், 1132ஐ 1123 ஆக்க அவர்களுக்கு வழியில்லை என்றேன்.

மதிப்பாய்வாளர்களில் ஒருவர் இரண்டு ரெஃபரன்ஸ் சேர்க்கச் சொன்னார், இரண்டும் பொருத்தம். மற்றவர் மூன்று சொன்னார், மூன்றிலும் ஒரே ஆசிரியர் பெயர். பொருந்திய ஒன்றைச் சேர்த்து, மற்ற இரண்டுக்கு மரியாதையாகக் காரணம் எழுதினோம். பட்டியல் 57 ஆனது. எண்கள் தாமாகவே நகர்ந்தன.

இங்கேதான் என் தவறு. சமர்ப்பிக்க இணைப்பு அறுத்த நகல் ஒன்றும், வேலை செய்ய இணைப்புள்ள கோப்பு ஒன்றும் வைத்திருந்தோம். இரண்டின் பெயரிலும் "இறுதி" என்ற சொல் இருந்தது. இணை ஆசிரியர் அறுத்த நகலைத் திறந்து விவாதப் பகுதியைத் திருத்தி அனுப்பிவிட்டார். அவர் மாற்றங்களை வாக்கியம் வாக்கியமாக மற்ற கோப்புக்கு ஏற்ற அரை நாள் போனது. பெயர் வைத்தது நான்தான்.

கட்டுரை ஏற்கப்பட்டது. புரூஃப், அதாவது வெளியிடும் முன் சரிபார்க்க அனுப்பும் நகல், வந்தபோது ரெஃபரன்ஸ் பற்றி இரண்டே கேள்விகள். ஒன்று, ஆன்லைனில் முன்கூட்டி வந்திருந்த ஒரு கட்டுரைக்கு இப்போது தொகுதி எண் கிடைத்திருக்கிறது, சேர்க்கவும். மற்றொன்று கொஞ்சம் உறுத்தியது: ஒரு டிஓஐ மூலக் கட்டுரைக்குப் போகாமல் அதற்கு வந்த பிழைதிருத்தக் குறிப்புக்குப் போகிறது. தலைப்பு ஏறக்குறைய ஒன்றுதான், ஆசிரியர்களும் அவர்களே. முதல் பக்கத்தோடு ஒப்பிட்டபோது எப்படித் தவறவிட்டோம் என்று பார்த்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் பிடிஎஃப் ஏற்கெனவே மாணவியிடம் இருந்தது, டிஓஐயைச் சொடுக்கிப் பார்க்கவில்லை.

இனி மாற்றுவது

எங்கள் பிரிவில் இப்போது வரைவு தொடங்கும் நாளிலேயே யார் மேற்கோள் செருகுவது, எந்த நூலகம் என்று கேட்டுவிடுகிறோம். அறுத்த நகலின் பெயரில் தேதியும் "தொடாதே" என்ற சொல்லும் இருக்கும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கான சோதனையை ஆரம்பத்தில் ஒருமுறை, அனுப்பும் அன்று ஒருமுறை, புரூஃப் வரும்போது ஒருமுறை செய்கிறோம். டிஓஐ ஒவ்வொன்றையும் சொடுக்குவது, பிடிஎஃப் கையில் இருந்தாலும்.

ஒன்பது நாளைக் குறைக்க முடியுமா என்று கைடு கேட்டார். அடுத்த கட்டுரைக்கு மூன்று நாள் போதும் என்றேன், பாதிக்கு மேல் ரெஃபரன்ஸ்கள் ஏற்கெனவே நூலகத்தில் சுத்தமாக இருக்கின்றன. மாணவி அதைத் தொடங்கிவிட்டார். போன வாரம் வரைவை அனுப்பியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் கைடின் கைவண்ணம், மஞ்சளில்: "டபிள்யூஹெச்ஓ 2012 ரெஃபரன்ஸ் போடவும்." பக்கத்திலேயே மாணவியின் குறிப்பு: "சார், போட்டாச்சு."